மூளையின் அறைக்குள் மெனிஞ்சியோமா: அபூர்வமான இடம் என்றால் ஆபத்தான கட்டியா?

வாசகர் கேள்வி:

வணக்கம் டாக்டர். எங்களுக்குக் கடலூர், திருப்பாதிரிப்புலியூர். என் மனைவிக்கு 41 வயது, அரசுப் பள்ளி ஆசிரியை. எட்டு மாதமாகத் தலைவலி. ஒற்றைத் தலைவலி என்று மாத்திரை, சைனஸ் என்று மாத்திரை, கண்ணாடியும் மாற்றியாகிவிட்டது. மூன்று மாதமாக வலதுபக்கம் கதவு, மேசை என்று எதிலாவது இடித்துக்கொள்கிறாள். ஸ்கூட்டியை இரண்டு முறை வலதுபக்கம் உரசிவிட்டாள். பரீட்சைத் தாள் திருத்தும்போது வரியின் கடைசி வார்த்தைகள் விட்டுப்போகின்றன என்றாள். கண் டாக்டர் ஃபீல்டு டெஸ்ட் செய்து பார்த்துவிட்டு உடனே எம்.ஆர்.ஐ. எழுதினார். இடது லேட்டரல் வென்ட்ரிக்கிளின் ட்ரைகோனில் 4.2 சென்டிமீட்டர் கட்டி, இன்ட்ராவென்ட்ரிகுலர் மெனிஞ்சியோமாவாக இருக்கலாம், கோராய்டு பிளெக்சஸ் பாப்பிலோமா, மெட்டாஸ்டாசிஸ் இரண்டையும் நினைவில் கொள்ளவும் என்று ரிப்போர்ட். மெனிஞ்சியோமா மூளையின் மேல் உறையில் வருவது என்று படித்தேன், அது எப்படி உள்ளே வரும்? ரிப்போர்ட் தப்பா? இது மிக அபூர்வம் என்கிறார்களே, அப்படியானால் சிகிச்சை தெரிந்தவர்கள் இருக்கிறார்களா? கேன்சரா? கத்தி பட்டால் பரவிவிடும் என்கிறார்கள் சொந்தக்காரர்கள். கேமா நைஃப் போதும் என்கிறார் மைத்துனர். சிப்காட் காற்றால் வந்திருக்குமா? இரண்டாவது குழந்தைக்குப் பிறகு சில வருடம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் கருத்தடை ஊசி போட்டுக்கொண்டாள், அதனாலா? பேச்சு போய்விடுமா? ஜிப்மரா, சென்னையா, வேலூரா?

பதில்:

முதலில் இன்றைக்கே செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். டீச்சர் இனி ஸ்கூட்டியைத் தொடக் கூடாது. அவருக்குக் கெட்டிருப்பது வலது கண் இல்லை, இரண்டு கண்ணிலும் வலதுபக்கப் பாதிப் பார்வை. வலதுபக்கம் ஒரு லாரி வந்தால் அது அவருக்கு மங்கலாகவோ இருட்டாகவோ தெரியாது, அங்கே எதுவுமே இல்லாத மாதிரிதான் இருக்கும். தெரியவில்லை என்பதே தெரியாது. இத்தனை நாள் கதவிலும் மேசையிலும் இடித்ததோடு போனது பெரிய விஷயம்.

அடுத்து, தலைவலியோடு விடியற்காலையில் வாந்தி, எழுப்ப எழுப்பத் தூங்கி வழிவது, பார்ப்பதெல்லாம் இரண்டிரண்டாகத் தெரிவது, வலிப்பு, இவற்றில் எது வந்தாலும் ராத்திரி எத்தனை மணியானாலும் மூளை அறுவை சிகிச்சைப் பிரிவு இருக்கிற ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். விடிந்ததும் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். கட்டி மூளை நீரின் வழியை அடைத்துக்கொண்டால் நிலைமை சில மணி நேரத்திலேயே மோசமாகலாம். வலிப்பு வந்தால் கையில் சாவியோ இரும்போ கொடுக்க வேண்டாம், வாயில் ஸ்பூனும் வைக்க வேண்டாம். ஒருக்களித்துப் படுக்க வைத்து, எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்று கடிகாரத்தைப் பாருங்கள்.

சரி, இப்போது உங்கள் முதல் கேள்வி. ரிப்போர்ட் தப்பில்லை, நீங்கள் படித்ததும் தப்பில்லை.

மூளையைச் சுற்றி மூன்று உறைகள் இருக்கின்றன. நடு உறையான அரக்னாய்டின் செல்களிலிருந்து வளரும் கட்டிதான் மெனிஞ்சியோமா. 1922ல் இந்தப் பெயரை வைத்தவர் அமெரிக்க அறுவை சிகிச்சை மருத்துவர் ஹார்வி குஷிங். பெரியவர்களுக்கு மண்டைக்குள்ளேயே தொடங்கும் கட்டிகளில் இதுதான் அதிகம், அமெரிக்கப் பதிவேடுகளில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் இதுவே. உறையிலிருந்து வருவதால் பெரும்பாலும் மூளையின் வெளிப்பரப்பை ஒட்டி, மண்டை ஓட்டுக்கு உள்பக்கமாக இருக்கும். நீங்கள் படித்தது இதைத்தான்.

ஆனால் அந்த உறையின் செல்கள் மூளைக்கு உள்ளேயும் போய்ச் சேருகின்றன, அதுவும் எல்லாருக்கும். மூளையின் நடுவே நான்கு அறைகள் இருக்கின்றன, அவற்றைத்தான் வென்ட்ரிக்கிள் என்கிறோம். அவற்றில் மூளை நீர் ஒரு நாளைக்குச் சுமார் அரை லிட்டர் சுரக்கிறது. ஆனால் மூளையிலும் தண்டுவடத்திலுமாக எந்த நேரத்திலும் சேர்ந்திருப்பது சுமார் 150 மில்லிதான், மீதி ரத்தத்தில் திரும்பக் கலந்துகொண்டே இருக்கும். அந்த நீரைச் சுரப்பது கோராய்டு பிளெக்சஸ் என்கிற ரத்தக்குழாய்த் தொகுதி. கருவில் மூளை உருவாகும்போது இது வெளியிலிருந்து மடிந்து அறைக்குள் நுழைகிறது, நுழையும்போது உறையின் செல்கள் சிலவற்றையும் கூடவே இழுத்துக்கொண்டு வந்துவிடுகிறது. பெரும்பாலானவர்களுக்கு அவை ஆயுள் முழுக்க ஒன்றும் செய்யாமல் அங்கேயே இருந்துவிடும். எப்போதாவது ஒருவருக்கு வளர ஆரம்பிக்கும். கோராய்டு பிளெக்சஸ் திரண்டு தடித்திருக்கும் இடம் பக்கவாட்டு அறையின் பின்பகுதியான ட்ரைகோன். அதனால்தான் அறைக்குள் வரும் மெனிஞ்சியோமாக்கள் பெரும்பாலும் ட்ரைகோனிலேயே உட்காருகின்றன, அதிலும் இடதுபக்கம் கொஞ்சம் அதிகம். மூன்றாவது, நான்காவது அறைகளில் வருவது இன்னும் குறைவு.

இதில் நீங்கள் பிடித்துக்கொள்ள வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. மெனிஞ்சியோமாவுக்கு அந்த இடம் அபூர்வம்தான், நூறு மெனிஞ்சியோமாவில் ஒன்றிலிருந்து மூன்று வரைதான் அறைக்குள் வரும். ஆனால் அந்த இடத்துக்கு மெனிஞ்சியோமா அபூர்வம் இல்லை. நாற்பது வயதுப் பெண்ணின் ட்ரைகோனில், ஓரம் தெளிவாக, கான்ட்ராஸ்ட் ஊசி போட்டதும் முழுக்க ஒரே சீராக வெளுத்துத் தெரிகிற கட்டி என்றால் எங்கள் வாயில் முதலில் வரும் பெயர் இதுதான். இணையத்தில் நீங்கள் பார்த்த அபூர்வம் என்பது அது உட்கார்ந்திருக்கும் இடத்தைப் பற்றிய கணக்கு. கட்டியின் குணம் வேறு கணக்கு.

எங்கே முளைத்திருக்கிறது என்பது எங்களுக்குப் பெரிய துப்பு. ஆறு மாதக் குழந்தைக்கு இதே ட்ரைகோனில் கட்டி இருந்தால் நான் முதலில் கோராய்டு பிளெக்சஸிலிருந்தே வளரும் பாப்பிலோமாவைத்தான் நினைப்பேன். அதே பாப்பிலோமா பெரியவர்களுக்கு வரும்போது பெரும்பாலும் நான்காவது அறையில் வரும். இருபது முப்பது வயதுக்காரருக்கு அறையின் முன்பக்கம், அறைகளை இணைக்கும் மன்றோ துவாரத்தை ஒட்டி, நடுத்தடுப்பில் ஒட்டிக்கொண்டு ஒரு கட்டி இருந்தால் நியூரோசைட்டோமாவைச் சந்தேகிப்போம். அதே துவாரத்தருகில், முகத்தில் சின்னச் சின்னப் பருக்களும் சிறு வயதிலிருந்து வலிப்பும் இருக்கிற பிள்ளைக்கு வந்தால் டியூபரஸ் ஸ்கிளிரோசிஸ் என்ற பரம்பரை நோயோடு சேர்ந்த வேறொரு கட்டி. மூன்றாவது அறையின் கூரையில் உருண்டையாக ஒன்று என்றால் கொலாய்டு சிஸ்ட், அது கேன்சரே இல்லை, ஆனால் நீரின் வழியைத் திடீரென்று அடைத்துவிட்டால் உயிருக்கே ஆபத்து. நான்காவது அறைக்குள் நீர்க்கட்டி மாதிரி இருந்தால் நம் ஊரில் நாடாப்புழுவின் முட்டையால் வரும் சிஸ்டிசெர்கோசிஸையும் மறக்கக் கூடாது, அது கட்டியே கிடையாது.

இன்னும் விநோதமான இடங்களும் உண்டு. மண்டை எலும்புக்குள்ளேயே மெனிஞ்சியோமா வரும், மூக்கின் சைனஸ் அறைகளில் வரும், மிக மிக அரிதாக நுரையீரலில்கூடப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். பிட்யூட்டரிக் கட்டி அதன் எலும்புக் குழியை விட்டுக் கீழே ஸ்பீனாய்டு சைனஸில் தனியாக முளைக்கலாம். கிரேனியோஃபாரிஞ்சியோமா என்று ஒன்று, கருவில் வாயின் கூரையிலிருந்து மேலே ஏறிப்போன திசுவின் மிச்சத்திலிருந்து வருகிறது, நுண்ணோக்கியில் பார்த்தால் பல் உருவாகும் திசுவை ஞாபகப்படுத்தும். டெர்மாய்டு கட்டியைத் திறந்தால் உள்ளே முடி இருக்கும். இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், இடம் விசித்திரமாக இருப்பதற்கு அநேகமாகக் கருவளர்ச்சியிலேயே ஒரு காரணம் இருக்கும். டீச்சர் எதையோ சாப்பிட்டதாலோ, தலையில் அடிபட்டதாலோ, பரீட்சை நேரத்துக் கவலையாலோ கட்டி அங்கே போய் உட்காரவில்லை.

மெட்டாஸ்டாசிஸ் என்ற வார்த்தையைப் பார்த்துத்தான் உங்களுக்குத் தூக்கம் போயிருக்கும் என்று நினைக்கிறேன். வேறு உறுப்பின் கேன்சர் கோராய்டு பிளெக்சஸுக்குப் பரவுவது உண்டு, குறிப்பாகச் சிறுநீரகக் கேன்சர். அதனால் ரேடியாலஜிஸ்ட் அதை எழுதாமல் விட்டால்தான் தப்பு. வயிறு, நெஞ்சு ஸ்கேன் எடுக்கச் சொல்வார்கள், மார்பகப் பரிசோதனையும் செய்வார்கள். எடுத்துவிடுங்கள். அதில் ஒன்றும் இல்லை என்றால் அந்தப் பெயரைப் பட்டியலிலிருந்து ஏறக்குறைய அடித்துவிடலாம்.

கேன்சரா என்றால், மெனிஞ்சியோமாவை உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாட்டில் 1, 2, 3 என்று கிரேடு போடுகிறோம். பத்தில் எட்டு கிரேடு 1. அது மெதுவாக வளரும், உடம்பின் வேறு பகுதிக்குப் பரவாது, முழுக்க எடுத்துவிட்டால் திரும்ப வருவது குறைவு. இதைக் கேன்சர் என்று யாரும் சொல்ல மாட்டோம். கிரேடு 2 திரும்ப வரும் பழக்கம் உள்ளது, 3 நிஜமாகவே கெட்டது, ஆனால் அது மிகக் குறைவு. எந்தக் கிரேடு என்று ஸ்கேன் சொல்லாது, கட்டியை எடுத்து பேத்தாலஜிஸ்ட் பார்த்துச் சொன்னால்தான் உண்டு. 2021ல் வந்த வகைப்பாட்டில் சில மரபணு மாற்றங்களையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள், எல்லாருக்கும் அது தேவைப்படாது.

கத்தி பட்டால் பரவும் என்று சொல்லும் சொந்தக்காரரிடம் தர்க்கம் செய்து உங்கள் சக்தியை வீணாக்காதீர்கள். மிகத் தாமதமாக ஆபரேஷனுக்கு வந்து, அதற்குப் பிறகு தவறிப்போனவர்களைப் பார்த்து உண்டான பேச்சு அது. இந்தக் கட்டிக்கு அது பொருந்தாது. ஊசி குத்தித் தனியாகப் பயாப்ஸி எடுக்கும் வேலையும் பொதுவாக இதற்குக் கிடையாது, ஏனென்றால் எப்படியும் கட்டியை எடுக்கத்தான் போகிறோம், இது ரத்த ஓட்டம் அதிகமுள்ள கட்டி, அறைக்குள் ஊசி விட்டு ரத்தம் கசிந்தால் அது வேறு வம்பு. ஆபரேஷன் நடக்கும்போதே ஒரு துண்டை அனுப்பி அவசரமாகப் பார்ப்பார்கள், முழு ரிப்போர்ட் வர ஒரு வாரம் அல்லது கொஞ்சம் கூடுதலாக ஆகும்.

உங்கள் மைத்துனர் சொல்லும் கேமா நைஃப், அதாவது கத்தியே இல்லாமல் கதிர்வீச்சைக் கட்டியில் குவிப்பது, நல்ல சிகிச்சைதான், டீச்சருக்கு இல்லை. பொதுவாக 3 சென்டிமீட்டருக்குள் இருக்கும் கட்டிகளுக்கும், ஆபரேஷனுக்குப் பிறகு மிச்சம் இருப்பதற்கும், ஆபரேஷன் தாங்காத வயதானவர்களுக்கும் அது பொருந்தும். அது கட்டியைக் கரைத்து எடுத்துவிடாது, வளராமல் நிறுத்தும், அதுவும் மாதக்கணக்கில். 4.2 சென்டிமீட்டர் கட்டி ஏற்கனவே பார்வை நரம்பிழைகளை அழுத்திக்கொண்டிருக்கும்போது கதிர்வீச்சால் சுற்றிலும் வீக்கம் வந்தால் இருக்கிற பார்வையும் போகலாம். வேறு எதற்கோ ஸ்கேன் எடுத்தபோது தற்செயலாகத் தெரிந்த ஒன்றரை சென்டிமீட்டர் கட்டி, எந்தத் தொந்தரவும் இல்லை என்றால் நானே சும்மா இருங்கள், ஆறு மாதம் கழித்து ஸ்கேன் எடுத்துப் பார்ப்போம் என்பேன். இது அந்த ரகம் இல்லை. ஆபரேஷன்தான்.

இப்போது கஷ்டமான பகுதி. டீச்சர் வலது கைக்காரர் என்று வைத்துக்கொள்கிறேன், அப்படியானால் அவருடைய பேச்சு ஏறக்குறைய நிச்சயமாக இடது மூளையில்தான் இருக்கிறது. இடது ட்ரைகோனைச் சுற்றி என்னென்ன இருக்கிறது என்று பாருங்கள்: ஒருபக்கம் பேச்சைப் புரிந்துகொள்ளும் பகுதி, மேலே படிப்பதற்கும் எழுதுவதற்கும் கணக்குப் போடுவதற்கும் வேண்டிய பகுதி, வெளிச்சுவரை ஒட்டியே பார்வை நரம்பிழைகள். கட்டி சாதுவானதாக இருக்கலாம், ஆனால் அதைச் சுற்றி இருப்பது எல்லாமே விலை உயர்ந்த நிலம். இதே கிரேடு 1 கட்டி நெற்றிக்கு மேலே உறையில் இருந்தால் வேலை சுலபம், இங்கே இருந்தால் அறுவை சிகிச்சை மருத்துவர் ஒவ்வொரு சென்டிமீட்டரையும் யோசித்துத்தான் உள்ளே போக வேண்டும்.

வழி தேர்ந்தெடுப்பதில்தான் பாதி வெற்றி. பெரும்பாலும் உச்சிக்குக் கொஞ்சம் பின்னால், பரைட்டல் மடலின் மேல்பகுதி வழியாக ஒரு சின்னத் திறப்பில் இறங்குவோம், அது பேச்சுப் பகுதிக்கும் பார்வை இழைகளுக்கும் மேலே இருப்பதால். சிலருக்குக் கட்டியின் இருப்பிடத்தைப் பொறுத்து இரண்டு மூளைப் பாதிகளுக்கும் நடுவே உள்ள இடைவெளியில் பின்பக்கமாகப் போகலாம். ஆபரேஷனுக்கு முன் எடுக்கும் சிறப்பு எம்.ஆர்.ஐ.யில் நரம்பிழைகள் எந்தப் பக்கம் ஓடுகின்றன என்று கோடு போட்டுப் பார்க்க முடியும், டிராக்டோகிராஃபி என்பார்கள். பேச்சு எங்கே என்று பார்ப்பதற்கும் ஒரு எம்.ஆர்.ஐ. உண்டு. இடது ட்ரைகோன் என்றால் இவற்றைக் கேட்டு வாங்கலாம், ஆடம்பரம் இல்லை.

கட்டியை முழுசாக வெளியே இழுப்பதில்லை. பண்ருட்டிப் பலாவில் ஒரு சின்னத் துளை போட்டு அதன் வழியாகவே சுளை சுளையாக எடுத்து, கடைசியில் தோலை மடித்து வெளியே எடுப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். முதலில் உள்ளே இருப்பதைக் காலி செய்வோம், பிறகு சுவர் தானாக உள்ளே சரிந்து வரும். இதில் சிக்கல் எங்கே என்றால், கட்டிக்கு ரத்தம் கொடுக்கும் கோராய்டல் தமனிகள் கட்டிக்கு அடியில், ஆழத்தில் இருக்கின்றன. சாதாரண மெனிஞ்சியோமாவில் உறையோடு வரும் ரத்த ஓட்டத்தை முதலிலேயே துண்டித்துவிடலாம், இதில் பாதி வேலை முடிந்த பிறகுதான் அந்த இடத்துக்குப் போய்ச் சேர முடியும். அதனால் ரத்தம் ஏற்பாடு செய்யச் சொன்னால் முன்கூட்டியே கொடுப்பவர்களைத் திரட்டி வையுங்கள்.

பேச்சு போய்விடுமா என்று கேட்டீர்கள். நிரந்தரமாகப் போவது குறைவு, கொஞ்ச நாள் தடுமாறுவது நடக்கும். விழித்ததும் உங்கள் பெயர் வாயில் வராமல் தவிக்கலாம், பேனாவைக் காட்டினால் அதன் பெயர் தெரியாமல் முழிக்கலாம். வீக்கம் இறங்க இறங்க, அநேகமாக வாரங்களில், சரியாகும், மிச்சம் இருந்தால் ஸ்பீச் தெரபி. வலிப்பு வர வாய்ப்பு உண்டு, அதற்கு மாத்திரை கொடுத்துத்தான் அனுப்புவார்கள். சிலருக்கு அறையின் ஒரு கொம்பில், அதாவது நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியில், நீர் அடைபட்டு அதை வடிக்க ஷன்ட் குழாய் வைக்க நேரலாம். ரத்தக் கசிவும் தொற்றும் எந்த மூளை ஆபரேஷனுக்கும் உண்டானவை. உயிருக்கு ஆபத்து இல்லவே இல்லை என்று யாராவது எழுதிக் கொடுத்தால் அந்த ஆளிடம் ஆபரேஷன் செய்துகொள்ளாதீர்கள்.

பார்வையைப் பற்றி உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அழுத்தம் மட்டும்தான் காரணம் என்றால் ஆபரேஷனுக்குப் பிறகு கொஞ்சம் திரும்பலாம், இழைகள் நிரந்தரமாகக் கெட்டிருந்தால் திரும்பாது. உள்ளே இறங்கும் வழியில் இன்னும் கொஞ்சம் குறையவும் வாய்ப்பு உண்டு. ஆபரேஷனின் முதல் நோக்கம் இருப்பதைக் காப்பாற்றுவது. வலதுபக்கப் பார்வை போனவர்களுக்குத் தமிழோ இங்கிலீஷோ படிப்பதுதான் ரொம்பச் சிரமம், கண் அடுத்து போக வேண்டிய பக்கமே தெரியாதே. பக்கத்தின் வலது ஓரத்தில் மேலிருந்து கீழாக ஒரு சிவப்புக் கோடு போட்டு, ஒவ்வொரு வரியிலும் அந்தக் கோடு கண்ணில் படும் வரைக்கும் போய்த் திரும்பப் பழகச் சொல்லுங்கள். இதை இப்போதே ஆரம்பிக்கலாம். தாள் திருத்துவதையும் இந்த வருடம் வேறு யாரிடமாவது ஒப்படைத்துவிடட்டும், பிள்ளைகளின் மதிப்பெண் விஷயம்.

அடுத்து, எதனால் வந்தது. சிப்காட் பக்கம் இருப்பவர்களுக்குக் காற்றைப் பற்றியும் நிலத்தடி நீரைப் பற்றியும் இருக்கிற புகார் நியாயமானது, அதற்காகக் கேட்டே ஆக வேண்டும். ஆனால் டீச்சரின் கட்டியை அந்தக் கணக்கில் எழுத என்னிடம் ஆதாரம் இல்லை. மெனிஞ்சியோமாவுக்குச் சுற்றுச்சூழல் காரணம் என்று உறுதியாக நிலைநாட்டப்பட்டது ஒன்றுதான், தலையில் பட்ட கதிர்வீச்சு. இஸ்ரேலில் 1950களை ஒட்டிய காலத்தில் தலைத்தோலில் வந்த படை நோய்க்குக் கதிர்வீச்சு சிகிச்சை கொடுக்கப்பட்ட ஆயிரக்கணக்கான குழந்தைகளைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்ததில் இந்தக் கட்டி அதிகமாக வந்தது தெரிந்தது. டீச்சருக்குச் சின்ன வயதில் தலைக்குக் கதிர்வீச்சு எதுவும் கொடுக்கப்படவில்லை என்றால் அதுவும் இல்லை. செல்போன் என்று யாராவது ஆரம்பிப்பார்கள். உலக சுகாதார நிறுவனம் கேட்டு 2024ல் வெளிவந்த பெரிய ஆய்வுத் தொகுப்பில் செல்போனுக்கும் மூளைக் கட்டிக்கும் தொடர்பு காணப்படவில்லை.

ஊசியைப் பற்றி நீங்கள் கேட்டது நல்ல கேள்வி, பல பேர் டாக்டரிடம் சொல்லாமலே விட்டுவிடுவார்கள். மெட்ராக்சிபுரோஜெஸ்டிரான் ஊசி, நம் அரசு சுகாதார நிலையங்களில் அந்தரா என்ற பெயரில் கொடுப்பது. மெனிஞ்சியோமா செல்களில் பலவற்றுக்கு புரோஜெஸ்டிரான் ஹார்மோனை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகள் இருக்கின்றன, பெண்களுக்கு இது அதிகம் வருவதற்கு அதுவும் ஒரு காரணமாகச் சொல்கிறோம். 2024ல் பிரான்சிலிருந்து பி.எம்.ஜே. மருத்துவ இதழில் வந்த ஆய்வில், இந்த ஊசியை ஒரு வருடத்துக்கு மேல் போட்டுக்கொண்டவர்களிடம் ஆபரேஷன் தேவைப்பட்ட மெனிஞ்சியோமா ஐந்து மடங்குக்கும் மேல் அதிகமாக இருந்தது. ஐந்து மடங்கு என்றதும் பதறாதீர்கள், அடிப்படை வாய்ப்பே மிகச் சிறியது, அதன் ஐந்து மடங்கும் சிறியதுதான், ஊசி போட்டுக்கொண்ட லட்சக்கணக்கான பெண்களில் பெரும்பாலோருக்கு ஒன்றும் வராது. ஆனால் கட்டி வந்துவிட்ட ஒருவர் அதைத் தொடரக் கூடாது. டீச்சர் இப்போதும் போட்டுக்கொண்டிருந்தால் நிறுத்துங்கள், மகப்பேறு மருத்துவரிடம் காப்பர்-டி பற்றிக் கேளுங்கள். ஊசி போட்டுக்கொள்ளச் சம்மதித்ததற்காக நீங்கள் இருவரும் குற்ற உணர்ச்சியில் உட்கார்ந்திருக்க வேண்டாம், அப்போது யாரும் உங்களிடம் இதைச் சொல்லியிருக்க முடியாது.

பிள்ளைகளுக்கு வருமா என்று நீங்கள் கேட்கவில்லை, அடுத்து கேட்பீர்கள். ஒற்றைக் கட்டி, நாற்பது வயது, காது கேட்பதில் குறை இல்லை, குடும்பத்தில் வேறு யாருக்கும் இல்லை என்றால் பிள்ளைகளுக்கு ஸ்கேன் எதுவும் எடுக்க வேண்டாம். பல கட்டிகள் ஒரே நேரத்தில் இருந்தாலோ குழந்தைப் பருவத்திலேயே வந்தாலோதான் நியூரோஃபைப்ரோமடோசிஸ் 2 என்ற பரம்பரை நோயைத் தேடுவோம்.

எங்கே போவது. திருப்பாதிரிப்புலியூரிலிருந்து கோரிமேடு ஜிப்மர் பக்கத்திலேயே இருக்கிறது, அங்கே மூளை நரம்பியல் அறுவை சிகிச்சைத் துறை இருக்கிறது, கூட்டம் அதிகம், காலையிலேயே போய்விட வேண்டும். தூரம் போனால்தான் நல்ல சிகிச்சை என்ற எண்ணம் நம் பக்கத்தில் ரொம்ப ஆழமாக இருக்கிறது, இருந்தாலும் ஒன்று சொல்கிறேன். இந்தியாவில் இந்தத் துறையே நம் பக்கத்தில்தான் தொடங்கியது, 1949ல் வேலூர் சி.எம்.சி.யில் ஜேக்கப் சாண்டி, 1950ல் சென்னைப் பொது மருத்துவமனையில் பி. ராமமூர்த்தி. மூன்று இடமுமே சரியான இடம்தான். ஊர் பெயரைப் பார்த்து முடிவு செய்யாமல், ஆபரேஷன் செய்யப்போகிறவர் அறைக்குள் இருக்கும் கட்டிகளை வழக்கமாகச் செய்கிறவரா என்று பாருங்கள். நேரடியாகவே கேளுங்கள்: இந்த இடத்துக் கட்டி இதுவரை எத்தனை செய்திருக்கிறீர்கள், எந்த வழியாகப் போவீர்கள், ஏன் அந்த வழி, பேச்சுக்கும் பார்வைக்கும் என்ன ஆபத்து என்று நினைக்கிறீர்கள். நல்ல மருத்துவர் கோபப்பட மாட்டார், பெரும்பாலும் கம்ப்யூட்டரில் படத்தைத் திறந்து காட்டிவிடுவார்.

அதற்கு நீங்கள் ஃபிலிமையும் ரிப்போர்ட்டையும் மட்டும் எடுத்துப் போனால் போதாது, எல்லாப் படங்களும் பதிந்த சி.டி. தட்டையும் ஸ்கேன் சென்டரில் கேட்டு வாங்குங்கள், இரண்டு காப்பி. இரண்டாவது கருத்து கேட்பது உங்கள் உரிமை, கேளுங்கள், ஆனால் இரண்டோடு நிறுத்துங்கள். ஐந்து இடம் போய் ஐந்து விதமாகக் கேட்டுக் குழம்பி, நடுவில் மூன்று மாதம் மூலிகையும் சாப்பிட்டு, பார்வை போன பிறகு வருகிறவர்களை நாங்கள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். இது ராத்திரியோடு ராத்திரியாகச் செய்ய வேண்டிய ஆபரேஷன் இல்லை, அதே சமயம் சித்திரை கழியட்டும், பள்ளி லீவு விடட்டும் என்று தள்ளிப்போடும் விஷயமும் இல்லை. சில வாரங்களுக்குள் முடிவாகிவிட வேண்டும்.

பணம். டீச்சர் அரசு ஊழியர், சம்பளத்திலேயே மாதாமாதம் பிடிக்கும் புதிய மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் அவருக்கு இருக்கும். ரேஷன் கார்டை வைத்து எடுக்கும் முதலமைச்சர் காப்பீடு வேறு, இது வேறு, பல பேர் ஆஸ்பத்திரி கவுன்டரில் போய் நின்று இதைக் குழப்பிக்கொள்கிறார்கள். அடையாள அட்டையை எடுத்துக்கொண்டு, நீங்கள் போகும் ஆஸ்பத்திரி அந்தத் திட்டத்தின் பட்டியலில் இருக்கிறதா, புதுச்சேரியில் செல்லுமா என்பதைச் சேர்வதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். மருத்துவ விடுப்புக்கும் இப்போதே எழுதிக் கொடுக்கட்டும், ஆபரேஷனுக்குப் பிறகு கரும்பலகைக்கு முன்னால் நிற்கக் குறைந்தது இரண்டு மூன்று மாதமாவது ஆகும்.

மாத்திரையில் ஒரு எச்சரிக்கை. வீக்கத்துக்காக டெக்சாமெத்தசோன் கொடுத்திருந்தால் தலைவலி இரண்டே நாளில் பறந்துவிடும், கட்டி கரைந்துவிட்டதாக நினைத்துவிடாதீர்கள். அதை நீங்களாக நிறுத்தவும் கூடாது, சர்க்கரை ஏறுகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். ரத்தத்தை இளக்கும் ஆஸ்பிரின் மாதிரி எதையாவது வேறு காரணத்துக்குச் சாப்பிட்டுக்கொண்டிருந்தால், நாட்டு மருந்தும் சேர்த்துத்தான், முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள்.

ஆபரேஷன் முடிந்து பேத்தாலஜி ரிப்போர்ட் வந்ததும் அதில் கிரேடு என்ன என்றும், முழுக்க எடுத்தாகிவிட்டதா என்று அறுவை சிகிச்சைக் குறிப்பில் என்ன எழுதியிருக்கிறார்கள் என்றும் பார்த்து எனக்கு எழுதுங்கள். கிரேடு 1, முழுக்க எடுத்தாயிற்று என்றால் மூன்று மாதத்தில் ஒரு எம்.ஆர்.ஐ., பிறகு வருடத்துக்கு ஒன்று, அவ்வளவுதான். கிரேடு 2 என்றாலோ கொஞ்சம் மிச்சம் வைத்திருந்தாலோ கதிர்வீச்சு கொடுக்கலாமா, பொறுத்துப் பார்க்கலாமா என்பதைத் தனியாகப் பேச வேண்டியிருக்கும், அப்போது அந்த பேத்தாலஜி ஸ்லைடுகளையும் கட்டித் துண்டைப் பதித்து வைத்த மெழுகு பிளாக்கையும் ஆஸ்பத்திரியில் கேட்டு வாங்கி வைத்திருந்தால் வேறு எங்கே காட்டவும் வசதி.